கொலம்பியாவில் ஒரு மாணவர்

1913ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூயார்க் நகரில் வந்திறங்கியபோது பீமராவ் ராம்ஜி அம்பேத்கருக்கு அகவை இருபத்திரண்டு. தந்தையை இழந்து ஆறு திங்கள்கூட நிறையவில்லை. பம்பாயில் இளம் மனைவி ரமாபாயையும், பிறந்து சில திங்களே ஆன மகன் யஷ்வந்தையும் விட்டுவந்திருந்தார். கையில் பரோடா அரசின் உதவித்தொகைக்கான ஆணை ஒன்று இருந்தது. திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன். காலம் மூன்று ஆண்டுகள்.

அண்ணலின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இம்மூன்று ஆண்டுகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். எம்.ஏ., பிஎச்.டி. எனப் பெயருக்குப் பின்னே நிற்கும் எழுத்துகளாக அவை சுருங்கிவிடுகின்றன. வரைவுக் குழுத் தலைவரையும், மகாத் குளத்துப் போராட்டத்தையும், நாகபுரியில் பௌத்தம் தழுவிய பெருநிகழ்ச்சியையும் அறிந்த நமக்கு, வேற்று மண்ணில் உண்ணவும் உறங்கவும் பழகிக்கொண்ட அந்த மாணவர் அவ்வளவாக அறிமுகமாகவில்லை. ஆயினும் பின்னாளில் நிகழ்ந்தவற்றுள் பல அங்கே கருக்கொண்டவையே.

அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவர் பீமராவ் வீட்டிலிருந்து சாக்குத் துணி ஒன்றை எடுத்துச்சென்று, வகுப்பின் மூலையில் தனியே விரித்து அமர வேண்டும். மாலையில் அச்சாக்கைத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் ஊழியரும் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீரும் இல்லை. வெளியூரில் பணியாற்றிய தந்தையைக் காணச் சென்ற பயணம் ஒன்றில், இவர்கள் மகர் குலத்துப் பிள்ளைகள் என அறிந்த வண்டிக்காரர் தம் வண்டி தீட்டுப்படும் என்று மறுத்தார். இருமடங்கு கூலி பேசியபின் இசைந்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் அருகே நடந்துவந்தார். அப்போது பீமராவுக்கு அகவை பத்து நிறையவில்லை.

பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின்னர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை. அதுவே அடுக்களை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, தாம் விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்துவிட்டுத் தந்தை உறங்கச் செல்வார். வடமொழி பயில விரும்பிய மாணவருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் பயின்றார். வடமொழியைப் பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்றுக்கொண்டார். 1907இல் மெட்ரிகுலேசன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், மராத்தி அறிஞர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். நூற்பரிசு ஒன்று எத்தனை ஆண்டு காத்திருந்து பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. அதே கேளுஸ்கரின் பரிந்துரையால் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் திங்களுக்கு இருபத்தைந்து ரூபாய் உதவினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. நிறைவுற்றது.

1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாள்களிலேயே தந்தை நோயுற்றார் எனச் செய்தி வந்தது. பம்பாய்க்கு விரைந்த வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத் நிலையத்தில் இறங்கியவர் வண்டியைத் தவறவிட்டு மறுநாளே வீடு சேர்ந்தார் என்பர். பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி சக்பால் மறைந்தார். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட கை ஓய்ந்துபோன அதே ஆண்டில், மன்னர் அயல்நாட்டுக் கல்விக்கு உதவ முன்வந்தார். சூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. படிப்பு முடித்துத் திரும்பியதும் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்ற வேண்டும் என்பது அதன் விதி. இந்தப் பத்தாண்டு விதி பின்னர் மீண்டும் வரும்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முதலில் ஒதுக்கப்பட்ட விடுதி ஹார்ட்லி ஹால். அங்கு ஒரு வாரமே தங்கினார். உணவு ஒத்துக்கொள்ளவில்லை; பரிமாறப்பட்டவற்றில் மாட்டிறைச்சி இருந்ததும் காரணம் என்று வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். சாதியை வேரறுக்க முனைந்தவரும் நாவின் பழக்கத்தை ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ள இயலவில்லை. மனிதர் மாறும் முறை அப்படித்தான். பின்னர் மேற்கு 114ஆம் தெருவில் இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால். அங்கு அவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டவர் நவல் பதேனா என்னும் பார்சி மாணவர். இப்பெயரை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வந்த புதிதில் அவர் புத்தகமே கதியென்று கிடக்கவில்லை. முதற் சில திங்கள்கள் நண்பர்களுடன் விளையாட்டிலும் கேளிக்கையிலும் கழிந்தன என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். இதைக் குறையாகக் கருதிச் சிலர் விட்டுவிடுகின்றனர். விடத்தகாத செய்தி இது. பிறந்தது முதல் எந்த இடத்தில் நிற்கலாம், எந்தப் பாத்திரத்தைத் தொடலாம் என அளந்தளந்தே வாழ்ந்த ஒருவர், தம்மை எவரும் அளக்காத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். உணவு மேசையில் பிறருடன் சமமாக அமர்கிறார். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தட்டு மாறுகிறது. தண்ணீர் குடிக்க எவர் வருகைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சில திங்கள்கள் அந்த விடுதலையில் திளைத்துக் களித்ததில் வியப்பென்ன? தம் சமூகத்தில் எவருக்கும் வாய்க்காத வாய்ப்பு தமக்குக் கிட்டியுள்ளது என்பதும், அதற்கு மூன்று ஆண்டு எல்லை உண்டு என்பதும் பின்னர் உறைத்தன. அதன்பின் அவர் நூலகத்திலேயே வாழ்ந்தார் எனலாம்.

அந்நாளில் பல்கலைக்கழக நூலகம், குவிமாடம் கொண்ட லோ நினைவுக் கட்டடத்தில் இயங்கியது. திறக்கும்போது நுழைபவர்களில் முதல்வராகவும் மூடும்போது வெளியேறுபவர்களில் கடைசியாகவும் இருந்தார். பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்க நிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று என அவர் பதிவுசெய்துகொண்ட பாடங்கள் அறுபது. பட்டத்துக்கு வேண்டிய அளவைக் கடந்த பசி இது. கிடைத்த உதவித்தொகையில் ஒரு பகுதி பம்பாயில் இருந்த குடும்பத்துக்குச் சென்றது. எஞ்சியதில் உணவைச் சுருக்கிப் புத்தகங்கள் வாங்கினார். பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி அவர் திரட்டியவை ஏறத்தாழ இரண்டாயிரம் எனத் தனஞ்சய் கீர் எழுதுகிறார். தாயகம் கொண்டுசேர்க்குமாறு நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்த அந்நூல்களுள் பல இடையிலேயே தொலைந்தன.

இக்காலத்தில் தம் தந்தையின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. மகன்களோடு மகள்களுக்கும் கல்வி தருவோமாயின் நம் மக்களின் முன்னேற்றம் விரைவுபடும் என்பது அதன் சாரம். நியூயார்க்குக்கு வந்த புதிதில் எழுதிய மடல் அது. அங்கே வகுப்பறைகளிலும் தெருக்களிலும் கண்ட பெண்களின் நடமாட்டம் அவர் எண்ணத்தைத் தூண்டியிருக்கலாம். அவர் மனைவியோ அப்போது பம்பாயில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். ரமாபாய் பெற்ற மக்கள் ஐவருள் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். அறுபது பாடங்களைப் போற்றும்போது, அவற்றுக்காக இன்னொருவர் சுமந்தது எத்தனை என்பதையும் கணக்கில் கொள்ளுதல் முறை. பின்னாளில் 'பாகிஸ்தானைப் பற்றிய சிந்தனைகள்' என்னும் நூலை ரமாபாயின் நினைவுக்கு அவர் உரிமையாக்கினார். அது வெளிவந்தபோது அம்மையார் மறைந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

அரசியலும் அவரைத் தேடி வந்தது. அந்நாளில் அமெரிக்காவில் தங்கியிருந்த லாலா லஜபதி ராய், இந்திய மாணவர்களை விடுதலைப் பணியில் ஈடுபடுத்த முயன்றார். நூலகத்தில் எந்நேரமும் அமர்ந்திருந்த இம்மாணவரும் அவர் கண்ணில் பட்டார். கற்க வந்த பணி முடியும்வரை வேறெதிலும் இறங்க இயலாது என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். உதவி புரிந்த மன்னருக்குத் தாம் பட்ட கடப்பாட்டை அவர் மறக்கவில்லை.

ஆசிரியர்களைப் பொறுத்தவரை அவர் பெரும்பேறு பெற்றவர். பொதுநிதியில் பேரறிஞரான எட்வின் செலிக்மன், சமூகவியலில் கிடிங்ஸ், வரலாற்றில் ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், ஜேம்ஸ் ஷாட்வெல், மெய்யியலில் ஜான் டூயி, மானிடவியலில் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் எனக் கொலம்பியா அன்று அறிஞர் குழாம் ஒன்றைக் கொண்டிருந்தது. இவர்களுள் செலிக்மன் அவருக்கு வழிகாட்டி. டூயி அவர் சிந்தையில் வேர்கொண்டவர். மக்களாட்சி என்பது வெறும் ஆட்சிமுறையன்று, மக்கள் ஒருவரோடொருவர் கூடி வாழும் முறை என்னும் டூயியின் கருத்து, அம்பேத்கரின் எழுத்தில் இறுதிவரை ஓடிக்கொண்டிருப்பதைப் பயில்வோர் எளிதில் காணலாம். நூலில் படித்தறிவதற்கு முன்பே விடுதி உணவு மேசையில் அவர் அனுபவித்தறிந்த உண்மை அது.

அந்நகரம் குறையற்ற சமத்துவ பூமி என்று எண்ணிவிடலாகாது. பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில் கருப்பின மக்கள் குடியேறிப் பெருகிவந்த ஹார்லெம் பகுதி இருந்தது. அம்பேத்கருக்குத் திறந்திருந்த கதவுகள் பல அம்மக்களுக்கு மூடியே கிடந்தன. இதை அவர் கவனியாமல் இல்லை. அமெரிக்க அடிமைமுறையையும் இந்தியத் தீண்டாமையையும் ஒப்பிட்டுப் பிற்காலத்தில் எழுதினார். 1946இல், கருப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பெற்ற முறையீட்டின் படியை வேண்டி அறிஞர் டூபாய்ஸுக்கு மடல் எழுதினார். டூபாய்ஸும் மறுமொழி விடுத்தார்.

மாணவப் பருவத்தின் கொடுமுடி 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள். அதற்கு முந்திய ஆண்டே எம்.ஏ. பட்டம் பெற்றிருந்தார். பண்டைய இந்திய வாணிகம் பற்றியும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நிதியும் பற்றியும் அவர் எழுதியவை இக்காலத்தன. ஆனால் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அன்று அவர் படித்த 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் அமைப்பியக்கம், தோற்றம், வளர்ச்சி' என்னும் கட்டுரை அவருடைய முழு ஆளுமையையும் முதன்முதலாகக் காட்டியது. அகவை இருபத்தைந்து.

அக்கட்டுரையின் வாதம் இலக்கியம் பயில்வோரும் ஊன்றி நோக்கற்பாலது. சாதியின் உயிர்நிலை எது? தீட்டும் அன்று, தொழிலும் அன்று, உடன் உண்ணாமையும் அன்று. அகமண முறையே என்கிறார். அதாவது, தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்னும் கட்டு. ஒரு குழு இக்கட்டைக் காக்க விரும்பினால், மணத்துக்குரிய ஆண் பெண் எண்ணிக்கை அக்குழுவுக்குள் சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிகையாகிறாள். மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகையாகிறான். மிகையான பெண்ணைக் கணவனின் சிதையிலேயே எரித்துவிடலாம். இயலாவிடில், வாழ்நாள் முழுதும் கைம்மை பூணச் செய்து எவர் கண்ணையும் கவராதவளாக்கலாம். மிகையான ஆணையோ எரிக்க முடியாது. அவன் ஆண், குழுவுக்கு வேண்டியவன். துறவை அவன்மீது திணிப்பதும் கடினம். ஆகவே இன்னும் மணப்பருவம் எய்தாத சிறுமியரிலிருந்து அவனுக்கு ஒரு மனைவி தேடப்படுகிறாள். உடன்கட்டை ஏறுதல், கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கொடுமைகள் அல்ல. சாதி என்னும் ஒரே எந்திரத்தின் மூன்று சக்கரங்கள் என இவ்வாறு நிறுவுகிறார். கற்பின் மேன்மை என்றும் தெய்வத்தன்மை என்றும் இவ்வழக்கங்களின் மேல் போர்த்தப்பட்ட புகழ்மொழிகள் வழக்கங்களுக்குக் காரணம் அல்ல, அவற்றைத் தாங்கிப்பிடிக்கப் பின்னர் எழுந்தவை என்றும் கூறுகிறார். பெண்ணின் உடலைக் காவலுக்கு உட்படுத்தாமல் சாதி ஒருநாளும் நிலைத்திராது என்பதை 1916இல் ஓர் ஆடவர் இவ்வளவு தெளிவாகக் கண்டது வியப்புக்குரியது. சாதியைப் பற்றிப் பேசிய பலர் பெண்ணை மறந்தனர். பெண்ணைப் பற்றிப் பேசிய பலர் சாதியை மறந்தனர். இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகக் கண்டவர் அவர்.

சாதி பரவிய முறைக்கு அவர் கூறும் விளக்கமும் எளிமையானது. புரோகித வகுப்பு முதலில் தன் கதவை அடைத்துக்கொண்டது. மற்றவர் அதைப் பார்த்துத் தம் கதவுகளையும் அடைத்துக்கொண்டனர். இதற்குத் துணையாகப் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் டார்டின் போலச்செய்தல் கொள்கையை எடுத்தாள்கிறார். செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, தம்மைப் போன்றே அமெரிக்காவில் பயின்ற கேத்கர் ஆகியோரின் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோடுகிறார். மனு ஒருவரே சாதியைப் படைத்தார் என்னும் கருத்தையும் ஏற்கவில்லை. இருந்ததைத் தொகுத்து நெறியாக்கியவரே மனு என்கிறார். தம் கொள்கை தவறென நிறுவப்பட்டால் கைவிட ஆயத்தமாக இருப்பதாகவும் இறுதியில் அறிவிக்கிறார்.

கட்டுரை முழுவதிலும் தம் பிறப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. சாக்குத் துணி இல்லை, பியூன் இல்லை, மாட்டுவண்டி இல்லை. அமெரிக்க மாணவர் முன்னிலையில் இரக்கத்தைத் தேடுவது எளிதாக இருந்திருக்கும். அவர் தேடியது இரக்கத்தை அன்று, ஏரணத்தின் வெற்றியை. சினம் அடங்கிய உரைநடையில் எத்துணை வலிமை கூடுகிறது என்பதற்குக் கவிஞர்களும் இக்கட்டுரையைப் பயிலலாம். 1917ஆம் ஆண்டு மே மாத 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் இது அச்சேறியது. இருபதாண்டு கழித்து அவர் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அடங்கியிருந்த சினம் வெளிப்பட்டது. அவ்வுரையைத் தந்தை பெரியார் தம் 'குடி அரசு' வழியே தமிழுக்குக் கொணர்ந்தார். முதலில் வெளிவந்த மொழிபெயர்ப்புகளுள் தமிழும் ஒன்று என்பதை 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அம்பேத்கரே குறித்துள்ளார். கொலம்பியாக் கட்டுரையையும் அதனுள் இணைத்துத் திருத்தியெழுத விரும்பியதையும், அதற்கு நேரம் வாய்க்காததையும் 1944ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதினார்.

1916இல் லண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கல்விக்கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டுக்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. மீண்டும் வந்து படிப்பைத் தொடர நான்காண்டுக் கெடு பெற்றுக்கொண்டு, 1917 ஆகஸ்டில் பம்பாய் திரும்பினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் உடைமைகளை ஏற்றிவந்த கப்பலைப் பகைவர் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டே, ஒப்பந்தப்படி பணியாற்றப் பரோடாவுக்குப் பயணமானார்.

பரோடா நிலையத்தில் இறங்கியபோது தம் உள்ளத்தில் எழுந்ததை, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தலைப்பில் 1990இல் நூலாக வெளிவந்த குறிப்புகளில் அவரே எழுதியுள்ளார். ஐந்தாண்டு அயல்நாட்டு வாழ்க்கை, தாம் தீண்டப்படாதவர் என்னும் உணர்வையே மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தது. எங்கே தங்குவது, எவர் இடம் தருவார் என்னும் கேள்வி எழுந்தவுடன் அது திரும்பி வந்தது. இந்து விடுதிகள் ஏற்கமாட்டா. பரோடாவில் இருந்த நண்பர்கள் சிலர் அவருடன் அமெரிக்காவில் பயின்றவர்களே. அவர்கள் வீட்டுக்குச் சென்றால் வரவேற்பார்களா என்று எண்ணிப் பார்த்தார், துணிவு வரவில்லை. இறுதியில் பார்சி விடுதி ஒன்றைத் தேர்ந்தார். பார்சியர் அல்லாதார் அங்குத் தங்கலாகாது. பொறுப்பாளருக்கும் வருவாய் தேவையாக இருந்தது. பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இடம் கொடுத்தார். தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த மாடிக்கூடம், மின்விளக்கு இல்லை, இரவில் அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளி. பேசத் துணையின்றி, படிப்பதில் மனத்தைப் புதைத்தார்.

பதினோராம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் வேளையில், பார்சியர் பன்னிருவர் கைத்தடிகளுடன் படியேறி வந்தனர். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகச் சினந்தனர். மாலைக்குள் வெளியேற வேண்டும் என எச்சரித்தனர். இந்து நண்பர் ஒருவரை நாடினார். கிறித்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். இருவரும் ஆளுக்கொரு காரணம் கூறி மறுத்தனர். பம்பாய் வண்டி இரவில்தான். அதுவரை காமாத்தி பாக் பூங்காவில் அமர்ந்து, தாய் தந்தையரை எண்ணிக் கண்ணீர் வடித்தார். நியூயார்க்கில் அவருடன் ஒரே அறையில் உறங்கிய நவல் பதேனாவும் பார்சியரே. ஒரே சமயத்தைச் சார்ந்தவர், ஒரே நாட்டினர். கடலுக்கு அப்பால் அறையைப் பகிர்ந்தவரும், இப்பால் தடியெடுத்தவரும். மண்தான் வேறு.

பத்தாண்டு விதி இவ்வாறு பதினொரு நாளில் முறிந்தது. பதேனாவின் நட்போ முறியவில்லை. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியோடும், பதேனா கடனாகத் தந்த ஐயாயிரம் ரூபாயோடும் 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகமே வீடாயிற்று. அரைவயிற்று உணவே வழக்கமாயிற்று. 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி.; இடையில் பாரிஸ்டர் தகுதியும் கிட்டியது. கொலம்பியாவுக்காக எழுதிய மாநில நிதி பற்றிய ஆய்வு 1925இல் செலிக்மனின் முன்னுரையுடன் லண்டனில் நூலாக வெளிவந்தது. பரோடா மன்னருக்கு அதனை உரிமையாக்கியிருந்தார். முனைவர் பட்டம் முறைப்படி கிட்டிய ஆண்டு 1927. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் மகாத் நகரில் பொதுக்குளத்துக்கு மக்களை அழைத்துச் சென்று தண்ணீரை அள்ளிப் பருகினார்.

வாழ்வில் தமக்குக் கிட்டிய சிறந்த நண்பர்கள் கொலம்பியாவின் வகுப்புத் தோழர் சிலரும், டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் ஆகிய பேராசிரியர்களும் என்று, 1930இல் அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழில் அவர் எழுதினார்.

1952இல் கொலம்பியா அவருக்குச் சட்டத்துறை மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க அழைத்தது. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் அவர் புறப்பட்டார். தம் ஆசிரியர் டூயியைக் காணலாம் என்னும் ஆவலும் அதில் கலந்திருந்தது. டூயிக்கு அப்போது அகவை தொண்ணூற்றிரண்டு. அம்பேத்கர் நியூயார்க் சென்று சேர்வதற்குள், சூன் 1ஆம் நாள், அவர் மறைந்துவிட்டார். தம் அறிவு வாழ்வு அனைத்தும் அவருக்குக் கடன்பட்டது என்று அங்கிருந்தபடியே மனைவி சவிதாவுக்கு மடல் எழுதினார். பட்டமளிப்பு விழா சூன் 5ஆம் நாள் நடைபெற்றது.